கத்தாத பலகை

சாராளின் காலில் மரச் சிலாம்பு ஏறியது எங்கள் வீட்டு மாடித் தரையிலிருந்துதான். தேக்குப் பலகை பதித்த பழைய தரை. அவளோ எப்போதும் வெறுங்காலோடு நடப்பவள். குதிகாலில் ஏறிய சிலாம்பு உள்ளேயே ஒடிந்து, சீழ் வைத்து, டாக்டர் கீறித்தான் எடுத்தார். அன்றைக்கே நான் முடிவு கட்டிவிட்டேன், மாடி முழுக்க டைல்ஸ் ஒட்டிவிடுவது என்று. எங்கள் மகன் ஸ்டீவும் போனில் அதையேதான் சொன்னான்.

"டைல்ஸ் வேண்டாமுங்க," என்றாள் சாராள். "மரம் இருக்கட்டும்."

"மரந்தானே குத்துது?"

"குத்துனாக் குத்தட்டும்."

என் மனைவி தனக்கென்று எதையும் பிடிவாதமாகக் கேட்டவள் இல்லை. சேலை எடுக்கக் காந்திபுரம் கூட்டிப் போனால்கூட, "உங்களுக்குப் புடிச்சதா எடுங்க" என்று சொல்லிவிட்டு, எடுத்ததை உடுத்தாமல் பீரோவில் மடித்து வைக்கிற ரகம். அப்படிப்பட்டவள் ஒரு தரைக்காக மல்லுக்கு நின்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சாராளுக்குப் பார்வை இல்லை. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தபோதே கண்ணில் பிரஷர் ஏறி, முதலில் ஓரத்துப் பார்வை போனது, பிறகு நடுவில் மிச்சம் இருந்ததும் போனது. இப்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினால் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்வாள். கீழ்வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பாள். வெளியே போனால் கைத்தடியும் என் தோளும் வேண்டும். ஆனால் மாடி ஹாலில் மட்டும் எதையும் பிடிக்க மாட்டாள். எங்கள் சபையின் பாடகர் குழுவுக்கு அவள்தான் இன்றைக்கும் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாள். சாயங்காலமானால் தனியாக மாடிக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைக்கான பாட்டை முணுமுணுத்துக்கொண்டே, கையை வீசிக்கொண்டு அந்த ஹாலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடப்பாள். ஜன்னலோரம் இருக்கிற கீபோர்டின் மீது மோதவே மாட்டாள். படிக்கட்டுக்கு முன்னால் தானாக நின்று திரும்புவாள். ஹாலில் வேறு சாமான் அதிகம் இல்லை, அதனால் தைரியமாக நடக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.

பார்வை போன புதிதில் நான் அவள் பின்னாலேயே சுற்றுவேன். ஒரு நாள் முழங்கையைப் பிடித்தேன் என்று கோபித்துக்கொண்டாள். "பின்னாலயே வராதீங்க. எனக்கு மூச்சு முட்டுது," என்றாள். இனி வரவில்லை என்று வாக்குக் கொடுத்தேன். வாக்கு வாயிலிருந்து வந்தது, பயம் வயிற்றில் அப்படியே இருந்தது. அதனால் தினமும் அவள் மாடியில் நடக்கிற நேரத்துக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு, பதுங்கிப் பதுங்கிப் படியேறி, ஹால் கதவுக்கு வெளியே நிலைப்படி ஓரமாக நின்றுகொள்வேன். அவள் நடந்து முடிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். முடிந்ததும் வந்த வழியே இறங்கிவிடுவேன். இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை. மில்லில் ஃபிட்டராக இருந்தவன், எண்ணெய் வழிகிற மெஷின்களுக்கு நடுவில் வழுக்காமல் நடந்தவன், எனக்கா பதுங்கத் தெரியாது.

அந்த மில்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிங்காநல்லூர் பக்கம் இருந்தது, மூடி வெகுநாள் ஆகிறது. எனக்கு அது ஒரு வீட்டைக் கொடுத்தது, காதில் பாதியை எடுத்துக்கொண்டது. ஸ்பின்னிங் இரைச்சலில் நின்று நின்று, மெல்லிய சத்தம் எதுவும் எனக்கு விழாமல் போய்விட்டது. குருவி கத்துவதை வாயசைவில்தான் பார்ப்பேன். வீடு என்பது மில் மேனேஜர்கள் குடியிருந்த பழைய பங்களா. மில்லை மூடி இடத்தைப் பிரித்து விற்றபோது, டீச்சர் சம்பளத்தில் சாராள் சேர்த்ததும் எனக்கு வந்ததும் சேர்ந்து இதை வாங்கினோம். என் அப்பா தோட்டத்துக் கூலிக்காரர். இந்த மாடிப்படியில் ஏறச் சொல்லியிருந்தால் வாசலிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருப்பார்.

டைல்ஸ் வேண்டாம் என்றால் மரத்தைச் சீர் செய்தாக வேண்டும். சபையில் விசாரித்ததில் போத்தனூர் கிருபாவின் பெயரைச் சொன்னார்கள். ஊட்டி, குன்னூர் பங்களாக்களில் பழைய மரத்தரைகளை இழைத்துப் புதுசாக்குகிற வேலையை ஆட்கள் வைத்துச் செய்கிற பெண். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். கூட அப்துல் கையூம் என்ற மெஷின்காரர். என்னைவிடச் சற்றே இளையவர்.

கிருபா பேசுவதற்கு முன்னால் தரையில் கன்னம் பதியப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தாள். மேலே நாங்கள் விரித்திருந்த, அங்கங்கே கிழிந்துபோன பிளாஸ்டிக் விரிப்பின் ஒரு மூலையை உரித்தாள். கீழே கறுப்பாக, பிசுபிசுப்பாக, பழைய பெயிண்டும் பசையும் மெழுகும் கலந்த ஒரு சனியன் ஒட்டியிருந்தது. அதில் உள்ளங்கை அகலத்துக்கு உப்புத்தாளை வைத்துத் தேய்த்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்தாள்.

நான் குனிந்து பார்த்தேன். கறுப்புக்கு நடுவில் உருக்கிய நெய்யின் நிறத்தில் மரம் என்னைப் பார்த்தது.

"ஆனைமலைத் தேக்குங்க சார்," என்றாள் கிருபா. "சுவத்துக்குச் சுவரு ஒரே பலகை. நடுவுல ஒட்டே இல்லைங்க. இந்த நீளத்துக்கு நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை."

போகும்முன் சாராளிடம் கேட்டாள். "டீச்சர், உங்களுக்கு இப்புடி வேணும், அப்புடி வேணும்னு ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க."

"உங்களுக்குத் தெரியாததாங்க," என்றாள் சாராள். "எப்புடி நல்லாப் படுதோ அப்புடியே செஞ்சுபோடுங்க கண்ணு."

எங்கள் பக்கத்து மரியாதை அது. ஒருவரிடம் வேலையைக் கொடுத்துவிட்டு அதை எப்படிச் செய்வது என்றும் சொன்னால், அவரைத் தொழில் தெரியாதவர் என்று சொன்ன மாதிரி. கிருபாவும் மலர்ந்த முகத்தோடு தலையாட்டினாள்.

தூசி பறக்கும் என்பதால் சாராளைத் தொண்டாமுத்தூரில் இருக்கிற அவள் தங்கை ஷைலா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். இரண்டொரு நாளில் போன் செய்தாள். "தோட்டத்துப் பக்கம் யானை வந்துச்சுங்க. இவங்க யாருக்கும் தெரியலை. தென்னை மட்டை ஒடியறதுக்கு முன்னாடியே நாந்தான் சொன்னேன்," என்றாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "மூச்சு விட்டுச்சுங்களே," என்றாள். நான் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

இங்கே மாடியில் மெஷின் ஓடியது. கையூம் அதை ஏர் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரே சீராக, நிறுத்தாமல் நடந்தார். ஓரிடத்தில் நின்றால் பள்ளம் விழுந்துவிடும் என்றார். முதல் ஓட்டத்தில் கறுப்பு போனது. அடுத்ததில் பழுப்பு போனது. மூன்றாவது ஓட்டத்துக்கு அப்புறம் நான் படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பலகைக்குப் பலகை ரேகை ஓடியது. ஆற்று மணலில் தண்ணீர் வற்றிய தடம்போல வளைந்து வளைந்து, ஒரு பலகையில் இருந்தது இன்னொன்றில் இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே வெட்டிய மரம். அது பார்த்த மழை, பார்த்த பஞ்சம் எல்லாம் அந்த ரேகையில் இருக்கிறது என்று கிருபா காட்டினாள். நெருங்கிய ரேகை மழை குறைந்த வருஷமாம், அகன்ற ரேகை நல்ல வருஷமாம். நான் அதன் மேல் அழுக்குப் பிளாஸ்டிக்கை விரித்து, அதற்கு மேல் நாற்காலியை இழுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சு நிறைந்தும் இருந்தது.

தெருக்காரர்கள் எட்டிப் பார்க்க வந்தார்கள். யாரும் சொல்லாமலே எல்லோரும் செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறினார்கள். மேலே வந்ததும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

இழைத்து முடிந்ததும் கிருபா என்னிடம் வந்தாள். "சார், மிதிச்சாப் பலகை நிறையக் கத்துதுங்க. அடியில சட்டத்துல அடிச்ச ஆணி தளந்துபோச்சு. ஸ்க்ரூ இறக்கி, மேல சின்னதா மரக்கட்டை வெச்சு அடைச்சுட்டா வெளிய தெரியாது. பேசுன வேலையில இது இல்லைங்க. டீச்சருக்காக நாங்களாச் செஞ்சு தாரோம்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெரிதாக முனகுகிற பலகைகள் என் காதுக்கே எட்டும். வருகிற விருந்தாளிகளும் குறை சொல்லியிருக்கிறார்கள். "கத்துறதை எல்லாம் அடக்கிப்போடுங்க அம்மணி," என்றேன்.

கையூம் வெறுங்காலில் பலகை பலகையாக மிதித்து, கத்துகிற இடத்திலெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டார். ஹால் முழுக்கக் கோடு. கதவுக்கு வெளியே, நான் வழக்கமாக நிற்கிற பலகையிலும் ஒரு கோடு போட்டார். அது கத்தாதே என்று சொல்ல வாயெடுத்தேன். பிரியமாகச் செய்கிற வேலையில் நொட்டை சொல்வானேன் என்று விட்டுவிட்டேன். சாயங்காலத்துக்குள் அத்தனையும் அடங்கியது. கையூம் நடந்து காட்டி, "பூனை நடந்தாப்புல இருக்குது பாருங்க," என்றார்.

எண்ணெய்ப் பாலிஷ் காய்ந்த பிறகு சாராளைக் கூட்டி வந்தேன். கிருபாவும் கையூமும் காத்திருந்தார்கள். மேற்கு ஜன்னலில் வெயில் இறங்கித் தரை முழுக்கப் பரவியிருந்தது. சாராள் மண்டியிட்டு இரண்டு கையாலும் தடவினாள். குனிந்து வாசம் பிடித்தாள். எழுந்து ஓர் அடி வைத்தாள். இன்னும் ஓர் அடி. அப்புறம் நின்றுவிட்டாள். தலையைச் சாய்த்து எதற்கோ காத்திருக்கிற மாதிரி இருந்தது.

"ரொம்ப நல்லாருக்குதுங்க," என்றாள். "தங்கமாட்டம் செஞ்சிருக்கறீங்க." கையூமுக்கு இன்னொரு டம்ளர் டீ ஊற்றச் சொன்னாள். அவர்கள் மனம் குளிர்ந்து போனார்கள். நானும் குளிர்ந்து போனேன்.

அதற்கப்புறம் அவள் மாடிக்குப் போகவில்லை. கால் இன்னும் சரியாகவில்லை என்றாள். மாடியில் நடந்துவந்த பாடகர் குழுப் பயிற்சியைச் சபைக் கோயிலுக்கு மாற்றிக்கொண்டாள். சாயங்காலங்களில் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு மடையன், பாலிஷ் வாசம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று மின்விசிறியைப் போட்டுவிட்டு வந்தேன்.

பிறகு ஒரு சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்பியபோது கீழே அவளைக் காணவில்லை. வழக்கம்போலப் பதுங்கி ஏறி, என் இடத்தில் நின்றேன். சாராள் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, ஒரு காலால் தரையைத் துழாவிக்கொண்டிருந்தாள். துணிந்து சுவரை விட்டாள். சில அடி வந்தாள். ஹாலின் நடுவில் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இப்படித் திரும்பி, அப்படித் திரும்பி, கடைசியில் எந்தப் பக்கம் எது என்று தெரியாமல் அசையாமல் நின்றாள். அந்த மாடியில் அவள் கையை நீட்டி நான் பார்த்ததே இல்லை.

"சாராளு," என்றேன்.

அவள் திடுக்கிட்டாள். அங்கே அவள் திடுக்கிட்டும் நான் பார்த்ததில்லை. "எப்ப வந்தீங்க?" என்று கேட்டாள்.

போய்ப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை முழங்கையை உதறவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "என்னாச்சு உனக்கு? புடிக்கலைன்னா அன்னைக்கே சொல்லோணுமல்ல?"

"அந்தப் புள்ளை ஆசை ஆசையாச் செஞ்சிருக்குது. மூஞ்சிக்கு நேரா எப்புடீங்க சொல்றது?"

"எதைச் சொல்றது?"

"தரை பேச மாட்டேங்குதுங்க," என்றாள். "ஜன்னலுக்கு முன்னால ஒரு பலகை முனகும். அது வந்தா கீபோர்டு பக்கத்துல இருக்குதுன்னு அர்த்தம். படிக்கட்டுக்கு முன்னால ரெண்டு சேந்து கத்தும். அங்க நின்னுக்குவேன். நடுவுல ஒன்னு ரெட்டைக் குரல்ல கத்தும், அதுதான் எனக்கு முச்சந்தி. இப்ப ஒன்னுமே இல்லை. எங்கியோ நடுக்காட்டுல நிக்கிறாப்புல இருக்குது."

"எப்பத்திலிருந்து இப்புடி நடக்கறே?"

"பார்வை போயிரும்னு டாக்டரு சொன்னாருல்லீங்க, அன்னையிலிருந்து. கொஞ்சம் தெரியறப்பவே கண்ணை மூடிட்டு நடந்து பழகிக்கிட்டேன்."

நான் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். டாக்டர் சொன்ன அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து போர்வையை இழுத்து மூடிப் படுத்தவன். அவள் மாடிக்கு ஏறிக் கண்ணை மூடியிருக்கிறாள். ஒரு வீட்டில் அடுத்தடுத்துப் படுத்து எழுந்தும் எனக்கு இது தெரியவில்லை. டைல்ஸ் வேண்டாம் என்று அவள் மல்லுக்கு நின்றது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. அவளுக்குக் கால் வைக்க இருந்த ஒரே ஊரை நான் நன்றி சொல்லி அழித்திருக்கிறேன்.

கிருபாவுக்குப் போன் செய்தேன். முழுவதையும் சொன்னேன்.

"காலையில வாரேனுங்க சார்," என்றாள்.

மறுநாள் காலையிலேயே இருவரும் வந்தார்கள். கிருபா சாராளின் கையைப் பிடித்துக்கொண்டு, "கேக்காமச் செஞ்சுபோட்டேன் டீச்சர்," என்றாள். "நாஞ் சொல்லாம உட்டேன் கண்ணு," என்றாள் சாராள். இருவரும் மாறி மாறிப் பழியை ஏற்றுக்கொண்டே இருந்தார்கள். நான் குறுக்கே புகுந்து வேலையை ஆரம்பியுங்கள் என்றேன்.

கையூம் ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். "கத்துற பலகையை அடக்கித்தானுங்க எனக்குப் பழக்கம். கத்த வெக்கிறதை யாருங்க சொல்லிக் குடுத்தா?"

"நாஞ் சொல்றேனுங்க," என்றாள் சாராள்.

சாக்பீஸ் கோடுகளெல்லாம் பாலிஷுக்கு முன்பே துடைத்தாகிவிட்டது. எது கத்தியது என்று கையூமுக்கே நினைவில்லை. சாராளுக்கு நினைவிருந்தது. கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்து, ஜன்னலிலிருந்து எந்தப் பலகை, சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி என்று சொல்வாள். கிருபா அந்த இடத்து மரக்கட்டையைத் தோண்டி எடுப்பாள். கையூம் ஸ்க்ரூவைத் தளர்த்துவார். கிருபா மிதிப்பாள். சாராள் தலையைச் சாய்த்துக் கேட்பாள். பிறகு கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தி, "இந்தச் சுருதிங்க. இப்ப கொஞ்சம் மேல நிக்குது," என்பாள். கையூம் இன்னும் கால் திருகு தளர்த்துவார். பலகை இறங்கி வந்து அந்தச் சுருதியில் நிற்கும். "அதேதானுங்க" என்று சாராள் சொன்னதும் கையூமின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ரெட்டைக் குரல் பலகை லேசில் வரவில்லை. ஒரு குரல் வந்தது, இன்னொன்று வரவில்லை. கிருபா குப்புறப் படுத்து, இடுக்கில் மெல்லிய மரச்சீவலைச் செருகி எடுத்து, செருகி எடுத்து, கடைசியில் இரண்டு குரலும் வந்தபோது அப்படியே தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். இன்னொரு பலகையைக் கையூமே ஞாபகப்படுத்தினார், இதுவும் கத்தியதே என்று. "அது வேண்டாமுங்க," என்றாள் சாராள். "அது சும்மா கத்தும். ஒன்னும் சொல்லாது."

அந்தத் தரையின் அழகை நான்தான் பார்த்துவிட்டேன் என்று இத்தனை நாள் பெருமை பீற்றிக்கொண்டிருந்தேன். நான் பார்த்தது மேல்தோல். அவள் ஒரு காடு முழுவதையும் காதுக்குள் வைத்திருந்தாள். வெயில் மேற்கு ஜன்னலுக்கு வந்துவிட்டது. யாரும் சாப்பிடக்கூட இறங்கவில்லை.

"அவ்வளவுதானுங்களா டீச்சர்?" என்று கேட்டாள் கிருபா.

"இன்னும் ஒன்னு இருக்குதுங்க. கதவுக்கு வெளிய, நிலைப்படி ஓரமா."

"அது கத்தாது," என்றேன் நான். "அந்தப் பலகை கத்தவே கத்தாது. எனக்குத் தெரியும்." சொன்ன பிறகுதான், எனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று உறைத்தது.

"கத்துச்சுங்க," என்றார் கையூம். "நாந்தானே கோடு போட்டேன்."

சாராள் என் பக்கம் திரும்பவில்லை. கீபோர்டின் மேல் கையை வைத்தபடியே சொன்னாள். "கத்துமுங்க. ரொம்பச் சின்னதா, குருவிக் குஞ்சாட்டம். அவருக்குக் கேக்காது. தெனமும் சாயங்காலம் நான் நடக்கற நேரத்துக்குக் கத்தும்."

கிருபா என்னைப் பார்த்தாள். உடனே குனிந்து சாமான்களை அடுக்க ஆரம்பித்தாள். என் முகம் காது வரைக்கும் சுட்டது. இந்த வயதில் திருட்டு மாங்காயோடு பிடிபட்டவன் மாதிரி நின்றேன்.

"தெரிஞ்சுமா இத்தனை வருஷம் சொல்லாம இருந்தே?"

"சொன்னா வர்றதை நிறுத்திப்போடுவீங்களே," என்றாள். "நீங்க அங்க நிக்கறீங்கன்னு தெரிஞ்சாத்தானுங்க நான் கையை வீசிட்டு நடக்க முடியும்."

கையூம் நிலைப்படி ஓரமாக உட்கார்ந்து மரக்கட்டையைத் தோண்டினார், ஸ்க்ரூவைத் தளர்த்தினார், எழுந்து விலகி நின்றார்.

"நில்லுங்க சார்," என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அங்கே ஜன்னலோரத்தில் சாராளின் முகம் நேராக என் பக்கம் திரும்பியது.

"அதேதானுங்க," என்றாள். எழுந்து, ஹாலின் மறு கோடிக்கு நடக்க ஆரம்பித்தாள். கையை நீட்டவில்லை. நான் அவள் நடந்து முடிக்கும்வரை அந்தப் பலகையிலேயே நின்றேன்.